லீவு தர வேண்டாம்

மெமோ வந்த அன்று எனக்குப் பயம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. திருச்சானூரில் விடியும் முன்பே கிளம்பி, புத்தூரில் பஸ் மாறி, கார்வேட்டிநகரம் தாண்டி பாலசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறவளுக்கு, எதைப் பார்த்தாலும் முதலில் தூக்கம்தான் வரும். ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஹெட்மாஸ்டர் புருஷோத்தமன் அந்தக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

"சஞ்சாயிஷி கேட்டிருக்காங்க வேதா மேடம். வர்ற வியாழக்கிழமை சித்தூருக்கு நேர்ல வரணுமாம்."

சஞ்சாயிஷி என்றால் விளக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் தமிழில் நடக்கும், திட்டு மட்டும் தெலுங்கில் வரும். மெமோவின் சாரம் இதுதான்: பத்தாம் வகுப்பு மாணவி நளினி எழுதியதாகச் சொல்லி ஒரு லீவு லெட்டரை நானே பொய்யாகத் தயாரித்தேன், அதை ஃபேஸ்புக்கில் போட்டேன், அவள் குடும்பத்தின் மானத்தை வாங்கினேன். புகார் கொடுத்தவர் நளினியின் அப்பா சின்னசாமி.

லெட்டர் பொய்யில்லை. அது என் கைப்பையின் உள் ஜிப்பில், மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில், நாலாக மடித்தபடி இருந்தது. மானத்தை வாங்கியது மட்டும் நிஜம்.

இந்த லீவு லெட்டர் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் இந்தப் பள்ளிக்கு வந்த வருஷம், மாங்காய் சீசனில் ஒரே நாளில் பதினோரு லெட்டர் வந்தது. பதினோரு பேருக்கும் காய்ச்சல். பதினோரு பேரும் தோப்பில் மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததை ஆட்டோவிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "இனிமேல் எவனுக்கும் காய்ச்சல் வரக் கூடாது. நிஜக் காரணத்தை எழுதினால் லீவு. பொய் எழுதினால் கிடையாது." பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார்கள்.

"எங்கள் எருமை கன்று போடப்போகிறது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அது பயப்படும்." "மாமா புது வண்டி வாங்கியிருக்கிறார். முதல் ரவுண்டு நான்தான் என்று சத்தியம் செய்திருக்கிறார்." "எனக்கு நாளைக்கு எந்த வேலையும் இல்லை. சும்மா இருக்க வேண்டும்போல் இருக்கிறது." இந்தக் கடைசி லெட்டரைப் படித்துவிட்டு எனக்கே அழுகை வந்தது. அவனுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தேன்.

எல்லாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். வீட்டில் வற்புறுத்தி எழுதச் சொன்னது என்று தெரிந்தால், வீட்டுக்கே போன் போடுவேன். "நாளைக்குப் பரீட்சை இருக்கு, அனுப்பியே ஆகணும்" என்று சொன்னால் போதும், அந்தப் பக்கத்து ஜனங்கள் டீச்சர் பேச்சைத் தட்ட மாட்டார்கள். இது தெரிந்து, அப்பாவிடம் பேசச் சொல்லிப் பிள்ளைகளே ரகசியமாக வந்து கேட்பார்கள்: "டீச்சர், நைனாவுக்கு ஒரு போன் போட்டு லீவு இல்லன்னு சொல்லுங்க டீச்சர்." நான் போடுவேன். ஒரு நிமிஷ வேலை.

இதோடு நின்றிருந்தால் நல்ல டீச்சராகவே ரிடையர் ஆகியிருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எருமைக் கன்று லெட்டரைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். புத்தூர் வருவதற்குள் ஐநூறு லைக். இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்கு ஒருத்தர் கை தட்டினதில்லை. வருஷா வருஷம் ஆசிரியர் தினத்துக்கு ஒரு பேனா கொடுப்பார்கள், அதுவும் எழுதாது. இங்கே முன்பின் தெரியாத ஐநூறு பேர் "நீங்கள்தான் நிஜமான ஆசிரியர்" என்கிறார்கள்.

அப்புறம் தனிப் பக்கமே ஆரம்பித்தேன். 'நிஜ லீவு லெட்டர்' என்று பெயர். என் பெயர், என் போட்டோ, பாலசமுத்திரம் மண்டலத்தில் டீச்சர் என்கிற விவரம், எல்லாம் அதில் இருக்கும். முப்பத்தோராயிரம் பேர் சேர்ந்தார்கள். புருஷோத்தமன் சாரே நாலு குரூப்பில் பகிர்வார். பிள்ளைகளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெயரின்மேல் என் கட்டைவிரலை வைத்து மறைத்துப் படம் எடுப்பேன், அதுவே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கராந்தி லீவு முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. கடைசி மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நளினி வந்து ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். பதினைந்து வயது. அதிகம் பேசாத பெண், கணக்கில் கெட்டிக்காரி. "அப்புறமா படிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டதால் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததும் பிரித்தேன்.

"மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, வருகிற திங்கட்கிழமை என்னைப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டிலிருந்து வருகிறார்கள். அதற்காக லீவு லெட்டர் எழுதும்படி நைனா சொன்னார். அன்றைக்கு எனக்கு லீவு தர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி, நளினி." பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. "நைனாவுக்கு ஒரு போன் போடுங்கள் டீச்சர். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்."

அவள் போட்ட கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெண் பார்க்கிற நாள் ஒரு தடவை தள்ளிப்போனால் சகுனம் சரியில்லை என்று பையன் வீட்டார் வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும். சின்னசாமிக்கும் மரியாதை கெடாது, "டீச்சர் பரீட்சைன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பெண் யாரையும் காட்டிக்கொடுக்காமல், யாரோடும் சண்டை போடாமல், ஒரே ஒரு போனில் தப்பிக்க வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதை வரிசை மாற்றாமல் சொல்கிறேன். உடனே போனை எடுத்தேன். எடுத்தது படம் எடுக்க. பெயரின்மேல் கட்டைவிரலை வைத்தேன், அப்படியும் அந்தக் கடைசி வரி தெரிந்தது, விரலைக் கொஞ்சம் கீழே சாய்த்து அதையும் மறைத்தேன். "இந்த லெட்டருக்கு நான் என்ன பதில் எழுத?" என்று மேலே ஒரு வரி போட்டேன். பஸ் திருப்பதிக்குள் நுழையும்போது லைக் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

சின்னசாமியின் நம்பர் என் போனில்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். அப்புறம் நாளைக் காலை என்று நினைத்தேன். சனிக்கிழமை முழுக்க கமெண்டுகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். நூற்றுக்கும் மேலே போட்டேன். அத்தனை பேருக்கும் பதில் சொல்லக் கை இருந்தது, ஒரே ஒரு நம்பரைத் தட்டக் கை வரவில்லை. இதற்கு நான் என்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாயிற்று, திட்டி ஓய்ந்தும் போயிற்று.

விரலால் பெயரை மறைத்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அது யாரோ ஒரு பெண். எங்கள் பத்தாம் வகுப்பில் இருப்பதே ஆறு பெண்கள். அந்தத் திங்கட்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து ஆள் வரவிருந்தது ஒரே ஒரு வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னசாமி போன் செய்தார். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"டீச்சரம்மா, பையன் ஊட்டுக்காரங்க போன் பண்ணாங்க. உன் பொண்ணு ஊரு ஒலகத்துக்கே லெட்டர் எழுதிக்கினு கீறாளே, அவள எங்க ஊட்டுக்கு இஸ்துக்கினு வந்து இன்னா பண்றதுன்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அவர் போனை வைத்துவிட்டார். உடனே அந்தப் பதிவையும் பக்கத்தையும் சேர்த்து அழித்தேன். அதற்குள் படம் எல்லார் போனிலும் போயாயிற்று.

படத்தைப் பார்த்து யாரோ தகவல் சொல்லி, மறுநாள் ஒரு ஜீப் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றது. குழந்தைகள் நலத்துறையிலிருந்து இரண்டு பேர், ஒரு போலீஸ்காரர், கூடவே போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு யூடியூப்காரர். தெருவே கூடியது. நளினி அப்பாவின் பக்கத்தில் நின்று, "நான் எழுதல" என்று சொன்னாளாம். சின்னசாமி, பதினெட்டு முடியும் வரை பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். கல்யாணம் நின்றுவிட்டது என்று ஆயிரக்கணக்கானவர்கள் என்னை வாழ்த்தினார்கள். திருப்பதியில் ஒரு சங்கத்திலிருந்து சால்வை போட நாள் கேட்டார்கள். நளினி அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தினமும் காலையில் வருகைப் பதிவு ஆப்பில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று அழுத்தும்போது என் விரலை எனக்கே பிடிக்காமல் போகும்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் இந்த மெமோ.

"ஏமி காது மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் புருஷோத்தமன். "ஒரிஜினல் லெட்டர் உங்ககிட்ட இருக்கு இல்ல? அதை அட்டாச் பண்ணிடலாம். பால்ய விவாகத்தைத் தடுக்க, பிள்ளையோட நன்மைக்காகப் போட்டேன்னு நான் டிராஃப்ட் எழுதித் தர்றேன். பொய்ப் புகார் கொடுத்ததுக்கு சின்னசாமி மேலயே கேஸ் திரும்பும். உங்களுக்கு அவார்டு கொடுத்தாலும் கொடுப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ரூல் புஸ்தகத்தில் அது சரியான வழிதான். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் அன்று மாலையே டிராஃப்டை அனுப்பிவிட்டார், தெலுங்கில், அழகான எழுத்தில். அதைப் படித்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருவில் டூரிஸ்ட் பஸ்கள் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தன. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். என் கணவர் லக்ஷ்மிநரசிம்மன் தாயார் கோவில் மடப்பள்ளியில் வேலை பார்க்கிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே திரும்பி, "வேதா, உன் ஸ்கூல்லேர்ந்து யாரோ வந்திருக்கா" என்றார்.

நளினியின் அம்மா கிருஷ்ணம்மா. அவளுக்குப் பின்னால் நளினி. தாயார் கோவிலில் வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். பெண் இளைத்திருந்தாள், பின்னலை இறுக்கமாகப் போட்டு முகமே சிறுத்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கிருஷ்ணம்மா தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். என் கணவர் மூன்று டம்ளர் மோரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மன்னிச்சுடும்மா" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வாணாம் டீச்சர்" என்றாள் கிருஷ்ணம்மா. குரலில் கோபம்கூட இல்லை, என்னைவிடக் களைத்துப்போன குரல். "வியாழக்கெழம சித்தூர்ல உங்கள கூப்புட்டு கீறாங்களாமே. அங்க நீங்க ஒண்ணு சொல்லணும். அந்த லெட்டர நீங்களே எழுதினதா சொல்லிடணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நானே எழுதினதாவா?"

"ஆமா. எங்கூட்டுக்காரரு இவள வரதய்யபாளையத்துல எங்கண்ணன் ஊட்டுல உட்டு வச்சி கீறாரு. எழுதினது இவதான்னு ஊரு பேசிக்கினு கீற வரைக்கும் ஸ்கூல் வாசல மிதிக்க உட மாட்டேன்றாரு. அந்தாளுக்குத் தெரியும் டீச்சர், இவதான் எழுதனான்னு. அவருக்குத் தெரிஞ்சா பரவால்ல. ஊருக்குத் தெரியக் கூடாது. டீச்சரே பொய்யா எழுதனாங்கன்னு கெவுருமென்டு பேப்பர்ல வந்துட்டா, அவரு தல நிமிந்துடும். பொண்ணு மேல தப்பில்லன்னு நாலு பேருகிட்ட காட்டுவாரு. மறுநாளே இவள ஸ்கூலுக்கு அனுப்பறேன்னு என் தல மேல கை வச்சி சொல்லி கீறாரு."

"மறுபடியும் மாப்பிள்ளை பார்க்க மாட்டாரா?"

"ஜீப்பு வந்து நின்ன ஊட்டுக்கு ரெண்டு வருசத்துக்கு எவன் வருவான்?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. "அந்த மட்டுக்கும் உங்க புண்ணியம்."

நான் யோசித்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சஸ்பென்ஷன் நிச்சயம், வேலையே போனாலும் போகும். என்னைப் புகழ்ந்த அதே வாய்கள் காறித் துப்பும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு லெட்டரை நான் பொய்யாக எழுதினேன் என்று ஆகிவிட்டால் மற்ற லெட்டர்கள் எல்லாமும் பொய்தான் என்று ஆகிவிடும். எருமைக்காகக் கவலைப்பட்டவனும் சும்மா இருக்க ஆசைப்பட்டவனும் என் கற்பனை ஆகிவிடுவார்கள். ஆறு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அது போகிறது என்பதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

லெட்டரைக் காட்டினால் நான் தப்பிப்பேன். நளினி எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆவாள், சின்னசாமி கோர்ட்டுக்கு அலைவார், அவள் பரீட்சை அவ்வளவுதான். மார்ச் பரீட்சைக்கு ஐந்து வாரம்கூட இல்லை.

"நளினி, நீ சொல்லு" என்றேன். "உனக்கு என்ன வேணும்?"

அவள் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரீட்ச எழுதணும் டீச்சர்."

"நான்தான் அந்த லெட்டரை எழுதினேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க." டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் உங்களுக்குத்தான் டீச்சர் எழுதினேன்."

எழுந்து போய்க் கைப்பையை எடுத்துவந்து, உள் ஜிப்பைத் திறந்து லெட்டரை அவள் கையில் கொடுத்தேன். அவள் மடிப்பைப் பிரித்துப் படித்தாள். தான் எழுதியதையே புதிதாகப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"போன்ல வந்த படத்துல இது இல்ல டீச்சர்."

"இல்ல."

"படம் எடுக்கறச்ச தெரியாம விட்டுப்போச்சா?"

தெரியாமல்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதை நம்பியிருப்பாள், நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் மறைச்சேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கணக்குக்கு விடை வந்ததும் வகுப்பில் ஆட்டுவாளே, அதே ஆட்டல். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மா லெட்டரை அவளிடமிருந்து வாங்கிச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "ஊட்ல போட்டா கண்ணுல படும். பஸ்ல போறச்ச போட்டுடறேன்" என்றாள். மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். நளினி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

என் கணவர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நெஜ லெட்டர் எழுதுங்கோன்னு கொழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, நீ போய்ப் பொய் எழுதிக் கொடுக்கப் போறயா?"

"ஆமா."

"வேலை போயிடுமேடி."

"போகட்டும். காலம்பர பஸ் பிடிக்க வேண்டாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை சித்தூர் பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எந்தத் தேதியில் எழுதினேன், எந்தக் காகிதத்தில் எழுதினேன், கையெழுத்தை எப்படி மாற்றினேன், லெட்டர் இப்போது எங்கே. பொய் சொல்வதில் இத்தனை வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று இரண்டு வார்த்தையில் முடித்த அந்தப் பதினோரு பேர்மேலும் எனக்கு மரியாதை வந்தது.

ஆபீஸ் வராந்தாவில் புருஷோத்தமன் காத்திருந்தார். அன்றைக்கு ஒரு இஸ்திரி போட்ட சட்டை வேறு. "டிராஃப்ட் கொண்டுவந்தீங்களா? ஒரிஜினல்?" என்றார்.

"ஒரிஜினல் இல்ல சார். லெட்டரை எழுதினதே நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நளினியின் கையெழுத்தை ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். அந்தப் படத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று சொன்னவரும் அவர்தான். "ஏம் மேடம் இப்படி..." என்று ஆரம்பித்து, "ஏதோ உங்க இஷ்டம்" என்று முடித்தார். கொஞ்ச நேரம் கழித்து கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தார்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். மேஜையில் பைல்கள் குவிந்திருந்தன, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஏதாவது ஒரு கனம் வைத்திருந்தார். ஒரு பைல்மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா இருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தின் பிரதியையும், அதன் தெலுங்கு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெலுங்கில் கேட்டார்.

"இது மாணவி எழுதியதா?"

"இல்லை மேடம். நான் எழுதினது."

பேனாவைக் கீழே வைத்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "குழந்தை எழுத்து மாதிரி இருக்கிறதே?"

"இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைகள் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் மேடம். அதே மாதிரி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை."

"அசல் காகிதம்?"

"கிழித்துப் போட்டுவிட்டேன்."

"அப்படியானால் அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை?"

"இல்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே எழுதினேன்."

"மற்ற லெட்டர்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். "அவையும் அப்படித்தான்" என்று சொன்னேன். சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

விளக்கத்தை நானே என் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினேன். மாணவிக்குச் சம்பந்தமில்லை என்பதைத் தனி வரியாக, அடிக்கோடு போட்டு எழுதினேன். சின்னசாமியின் புகார் சரியானது என்றும் எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சஸ்பென்ஷன் ஆர்டர் தபாலில் வரும், அதுவரை பள்ளிக்குப் போக வேண்டாம் என்றார். திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"ஒன்று விட்டுப்போயிருக்கிறது" என்றார். "காரணம் எழுதவில்லை. காரணம் இல்லாமல் நான் மேலே அனுப்ப முடியாது. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவர் ஒரு பெண் குழந்தையின் பெயரில் இப்படிச் செய்ய என்ன காரணம்?"

"லைக் வரும் என்றுதான் மேடம்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நிஜமாகவே அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது, அதில் அந்தக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற வரிகளையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். இந்த ஒரு வரிக்கு மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.